வெங்காயத் தோட்டக்காரனின் நெஞ்சு வலி

2025 ஜனவரி 16, வியாழன்

டொக்டர் ஸுல்பிகா சொல்லித்தான் இந்தக் கொப்பியை வாங்கினேன். நெஞ்சு எப்போது வலிக்கிறது, முதுகு எப்போது வலிக்கிறது, அதற்கு முன் என்ன செய்தேன் என்று எழுதி அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுவரட்டாம். ஈசிஜி இரண்டு தரம் எடுத்தாயிற்று, எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று. இருதயத்தில் ஒரு குறையும் இல்லையாம். அப்படியென்றால் அதை யார் கத்தியால் குத்துகிறார்கள் என்று கேட்டேன். டொக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொழில் என்ன என்று கேட்டார். வெங்காயத் தோட்டத்தில் வேலை என்றேன். கற்பிட்டியில் அப்படிச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டைக்குச் சுழியோடுகிறேன், அதுவும் அனுமதிப் பத்திரம் இல்லாமல், என்று அரசாங்க ஆஸ்பத்திரி அட்டையில் எழுதக் கொடுக்க எனக்கென்ன விசரா? எங்களைக் கடலுக்குக் கூட்டிப்போகிற ஹயாத்து முகம்மது நானாவின் போட் பறிபோகும். எங்கள் ஆறு பேரின் சீசனும் போகும்.

டொக்டருக்குக் காட்ட வேறு தாளில் எழுதுவேன். இந்தக் கொப்பி எனக்கு. இதில் பொய் எழுதுவதில்லை.

ஜனவரி 20

மூன்று சிலிண்டர் முடித்தேன். பதினாறு பாகம் ஆழம், நூறு அடிக்குக் கிட்ட. மேலே வந்து அரை மணித்தியாலத்தில் பிடித்தது. நெஞ்சைச் சுற்றிக் கம்பியைப் போட்டு யாரோ முறுக்குகிறான். முதுகின் நடுவில் ஆணி. இடது கால் முழுவதும் எறும்பு ஊர்கிறது.

வீட்டுக்கு வந்து சோற்றுப் பீங்கானைச் சுவரில் அடித்தேன். என் மனைவி அஜித்தா ஒன்றும் சொல்லாமல் குழம்பைத் துடைத்தாள். ஏதாவது சொல்லியிருக்கலாம். சண்டை பிடிக்க ஒரு ஆளாவது கிடைத்திருக்கும்.

டொக்டரின் தாளில்: தோட்டத்தில் குனிந்து வேலை. பிறகு முதுகு வலி.

ஜனவரி 27

ஒரு கிழமையாகக் காற்று. கடலுக்குப் போகவில்லை. வலியும் பெரிதாக இல்லை.

பெப்ரவரி 6, கிளினிக்

முள்ளந்தண்டில் நரம்பு நசிந்திருக்கலாமாம். குனிய வேண்டாமாம். இடுப்புக்கு ஒரு பெல்ட், நான்கு விதமான குளிசை.

"நீங்க எழுதினதுல எங்கயோ ஒண்டு பொருந்துதில்ல, கிளைட்டன். தோட்டத்துக்குப் போகாத நாள்ல எப்படி இருக்கு?"

"ஒரே மாதிரித்தான் மிஸ்."

ஒரு பொய்யைத் தொடங்கிவிட்டால் நாக்கு தன்பாட்டில் ஓடுகிறது.

பெப்ரவரி 12

ஒன்று கண்டுபிடித்தேன். கடலுக்கு அடியில் வலி இல்லை. இறங்க இறங்கக் கம்பி தளர்கிறது. பதினைந்து பாகத்தில் நான் சுகதேகி. மேலே வந்தால்தான் திரும்பவும் கொல்கிறது.

மூட்டுப் பிடிப்பு எல்லாச் சுழியோடிகளுக்கும் தெரியும். தோளில் வரும், முழங்காலில் வரும். திரும்ப ஒரு தரம் இறங்கிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தால் விட்டுவிடும். ஆனால் நெஞ்சில் வந்ததாக ஒருவனும் சொன்னதில்லை. எனக்கு வேறு ஏதோ நோய். என்ன நோய்?

பெப்ரவரி 25

பஸ்தியான் அண்ணனின் பல்லை உடைத்தேன்.

ஒரே போட்டில் எட்டு வருடம் ஒன்றாகச் சுழியோடுகிறோம். இன்றைக்கு நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தபோது, "உனக்கு வருத்தம் ஒண்டும் இல்லையடா. பயம்" என்றார். சிலிண்டர் திறக்கிற சாவி கையில் இருந்தது. வீசினேன். வாயெல்லாம் இரத்தம். பல்லைக் கடலில் துப்பினார். நான்கு பேர் என்மேல் ஏறி அமுக்கினார்கள். ஒருவனின் கையைக் கடித்தேன், யாருடையது என்று தெரியாது.

"இன்னொரு நாள் இப்புடிச் செஞ்சா போட்டுல ஏத்த மாட்டன்" என்றார் நானா.

எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. பஸ்தியான் அண்ணன் துடித்த அந்த ஒரு நிமிஷம் எனக்கு வலி தெரியவில்லை.

மார்ச் 5, சாம்பல் புதன்

கோயிலுக்குப் போகவில்லை. அஜித்தா நெற்றியில் சாம்பலோடு வந்து என்னைப் பார்த்தாள். நான் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

"டொக்டரிட்ட உண்மையைச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் போய்ச் சொல்லுவன்" என்றாள் அஜித்தா.

அடித்தேன். ஒரு அடியோடு நிற்கவில்லை. விழுந்ததில் அலுமாரியின் மூலை பட்டுப் புருவம் பிளந்தது.

வலியாலதான் அடிச்சன் எண்டு எழுதப் பாத்தன். பொய். நெஞ்சு வலிச்சது, முதுகு வலிச்சது. கை வலிக்கேல்ல. கை நல்லாத்தான் இருந்தது.

புருவத்தில் சீலையை அமுக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் நின்று சொன்னாள்: "அந்தக் கொப்பியில இதையும் எழுதி வையுங்கோ."

எழுதிவிட்டேன்.

மார்ச் 18

சுவரில் தலையை அடித்துப் பார்த்தேன். அந்த வலியும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். நாளைக்கு இரண்டு சிலிண்டரோடு இறங்கி, முழுதாக விடும்வரை கீழேயே இருக்கப் போகிறேன்.

மார்ச் 24, ஆஸ்பத்திரி

ஐந்து நாளைக்குப் பிறகு பேனை பிடிக்கிறேன்.

அன்றைக்கு அடியில் வலி முழுதாக விட்டது. சந்தோஷத்தில் நேரம் பார்க்கவில்லை. இரண்டாவது சிலிண்டரும் முடிந்து காற்று நின்றது. ஒரே மூச்சில் மேலே வந்தேன். போட்டில் ஏற்றியபோது தொப்புளுக்குக் கீழே நான் இல்லை. பஸ்தியான் அண்ணன் என் தொடையில் ஓங்கி அறைந்தார். சத்தம் கேட்டது. அடி தெரியவில்லை. போட் கரையைத் தொட்டதும் என்னைக் கைகளில் ஏந்திக்கொண்டு ஓடினார். நான் உடைத்த பல்லின் ஓட்டை என் முகத்துக்கு நேரே இருந்தது.

ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று டொக்டர் ஸுல்பிகா கேட்டார்.

"தோட்டத்தில விழுந்திட்டன் மிஸ்."

அப்போதும் அதைத்தான் சொன்னேன்.

அஜித்தா வந்தாள். புருவத்தில் தையல். அலுமாரியில் இருந்த இந்தக் கொப்பியை எடுத்து வந்திருந்தாள். "எல்லாப் பக்கமும் வாசியுங்கோ மிஸ்" என்று நீட்டினாள்.

டொக்டர் நின்றபடியே வாசித்தார். ஒரு பக்கத்தில் நிறுத்தி அஜித்தாவின் புருவத்தைப் பார்த்தார், பிறகு என்னை. பிறகு போனை எடுத்து வேறொரு ஆஸ்பத்திரியோடு கதைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஆழத்துல இருந்து வேகமா மேல வந்தா ரத்தத்துல காத்துக் குமிழி வரும். உங்கட முள்ளந்தண்டு நரம்புல அதுதான் அடைச்சிருக்கு. நெஞ்ச இறுக்கினதும் அதுதான். முதல் நாளே சொல்லியிருந்தா…"

குமிழியைக் கரைக்கிற காற்றழுத்த அறை இருக்கிற தூரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வலது கால் கொஞ்சம் அசைகிறது. இடது கால் இல்லை. சிறுநீருக்குக் குழாய்.

இரண்டு மாதமாக அந்த நோயின் பெயரைத் தேடி அலைந்தேன். மேலே வந்து அரை மணித்தியாலத்தில் பிடித்தது என்று என் கையெழுத்திலேயே, ஜனவரி 20இலேயே எழுதி வைத்திருந்திருக்கிறேன். அனுமதிப் பத்திரத்தைப் பற்றி இங்கே ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏப்ரல் 15

வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு ஊன்றுகோல். அஜித்தா காலையில் வந்து இடது காலை இருபது தரம் மடக்கி நீட்டிவிட்டுத் தாய் வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள். கதைப்பதில்லை. கதைக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

அஜித்தா என் காலை மடக்கிக்கொண்டிருந்தபோது பஸ்தியான் அண்ணன் வந்தார். கதிரையில் இருக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, உன்ர சிலிண்டரை ஒருக்காத் தா. நேற்றிலயிருந்து நெஞ்சைச் சுத்தி இறுக்குது. கீழ போய்க் கொஞ்ச நேரம் இருந்திட்டு வாறன்."

கட்டிலுக்குக் கீழே இருந்ததை இழுக்கச் சொன்னேன். இழுத்தார். வாயில் வைத்து மூச்சு எடுக்கிற பகுதியை ஊன்றுகோலால் அடித்தேன். நொறுங்கும்வரை அடித்தேன். "விசரா" என்று கத்தி என் கழுத்தைப் பிடித்தார். இருவரும் விழுந்தோம். நான் அவரின் காலைப் பிடித்துக்கொண்டேன்; உதறி எழும்பப் பார்த்தார். நான் விடவில்லை.

"அஜித்தா, கொப்பியை வாசிச்சுக் காட்டு."

முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். மார்ச் 9ஐ விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. மற்றப் பக்கங்களை வாசித்த அதே குரலில் அதையும் வாசித்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். தொடையில் அறைந்த இடம் வந்ததும் பஸ்தியான் அண்ணன் உதறுவதை நிறுத்திவிட்டார்.

ஓட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்கு அஜித்தாதான் கூட்டிக்கொண்டு போனாள். கொப்பியும் அவளோடு போய்விட்டது. இதை என் கிளினிக் அட்டையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில், தொழில் என்ற இடத்தில் இருந்த வெங்காயத் தோட்டத்தை டொக்டர் ஒரு கோடு போட்டு வெட்டியிருக்கிறார். பக்கத்தில் வேறொன்றும் எழுதவில்லை.