கூட்டுச் சிதறல்

ஐப்பசி 14, வெள்ளி. தஞ்சாவூர்.

நாளை கல்லூரியில் முதன்முறையாகத் தமிழில் நான் ஆற்றவிருக்கும் இயற்பியல் உரை இன்று நின்றுபோகப் பார்த்தது. காரணம், அறிவிப்புப் பலகையில் நானே எழுதிய தலைப்பு: "கூட்டுச் சிதறல்: ஒரு கணக்கு".

மாலையில் விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர் கோவிந்தராசு நாலைந்து பேருடன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"கூலி கேட்டு நாங்க கூட்டம் போடுறோம். அதச் சிதறடிக்க நீங்க கணக்குப் போடுறீங்களா சார்? மிராசுதார் சொல்லிவிட்டாரா? இந்தப் பேச்சு நடக்காது, பாத்துக்குங்க."

நியூட்ரினோ என்னும் நுண்துகள் அணுக்கருவில் மோதித் திசைமாறுவதைப் பற்றிய கணக்கு அது என்றேன். கருவிலுள்ள பத்து நியூட்ரான்கள் தனித்தனியே எதிர்த்தால் விளைவு பத்து மடங்கு. ஒன்றாகச் சேர்ந்து எதிர்த்தால் நூறு மடங்கு.

"அப்ப சிதறுறது யாரு?"

"வந்து மோதுறவன்தாங்க. கூட்டம் கலையாது, அப்படியே நிக்கும்."

அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "இத மொதல்லயே போர்டுல எழுதியிருக்கலாமுல்ல? முன் பெஞ்சு எங்களுக்குத்தான் சார்!"

உரை பிழைத்தது, மகிழ்ச்சி. தலைப்பையும் "ஒருமித்த சிதறல்" என்று திருத்திவிட்டேன். ஆனால் ஒரு நிபந்தனையை அவரிடம் சொல்லாமல் விட்டேன். மோதல் மென்மையாக இருந்தால்தான் நியூட்ரான்கள் சேர்ந்து நிற்கும். பலமாக அடித்தால் அவை தனித்தனியாகிவிடும். நாளை அதை மறைக்க இயலாது. சொன்ன மறுகணமே முன் பெஞ்சிலிருந்து பதில் வரும்: "உங்க நியூட்ரான் வேணும்னா அப்படி இருக்கும் சார். எங்க ஆளுங்க அப்படியில்ல."