துருப்பிடிக்க வைக்கும் வேலை

அம்சவல்லிக்கு,

துபாயில் நான் நன்றாக இருக்கிறேன். உன் கால் வெடிப்பு ஆறியதா? அம்மாவுக்கு மாத்திரை இருக்கிறதா?

கடைக்கு ரிப்பேருக்கு வரும் அமெரிக்க ஃபெண்டர் கிட்டார்கள் அறுபது வருஷத்துப் பழசு. புது ஸ்குரூ போட்டால் பளபளவென்று காட்டிக்கொடுத்துவிடும். அதை ஊரிலிருந்து வரவழைத்த நம் உப்புப் பாத்தித் தண்ணீரில் ஊறவைத்துத் துருப்பிடிக்க வைப்பது என் யோசனைதான். முதலாளிக்கு அது பிடித்துப்போய், இந்த வருஷமும் லீவு இல்லை என்கிறார். "நீ போயிட்டா யாருப்பா துரு ஏத்துறது?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டுத் தாழ்ப்பாளைத் துரு தின்கிறதென்று திட்டிக்கொண்டே ஊரை விட்டு வந்தவன் நான்.

போனில் சொன்னால் அழுவாய். அதனால் லீவில் மரக்காணம் வரும் ராஜ்கமலிடம் இதைக் கொடுக்கிறேன். அவனுக்கு ஏர்போர்ட் போக வண்டி வந்துவிட்டது. திரும்பும்போது அவனிடம் பாத்தித் தண்ணீர் இரண்டு பாட்டில் கொடுத்தனுப்பு. வேலைக்கு ஒன்று போதும். இன்னொன்று, மூடியைத் திறந்து மோந்து பார்க்க.

திருமுருகன்