தலைகீழாய் அடுக்கிய கல்

அன்பு வாலு,

இங்கே நானும் அம்மாவும் நலம், என் முழங்காலைச் சேர்க்காமல். அங்கே நீயும் நலம்தான், கோபம்தான் இன்னும் ஆறவில்லை என்று உன் அண்ணி சொன்னாள். ஒன்பது நாளாகப் போனை எடுக்கவில்லை, அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் கட் பண்ண முடியாதே!

புதுக் கிணற்றின் துளைக்குள் இறக்கிய கருவி காட்டிய அளவுகளைப் பார்த்து, தண்ணீர் நிற்கும் மணற்கல் இருநூற்றுப் பன்னிரண்டாவது மீட்டரில் என்று நீ அங்கிருந்து வரைபடத்தில் கோடு போட்டு அனுப்பினாய். உன் பொறுப்பில் வந்த முதல் கிணறு. அதே துளையில் வெட்டியெடுத்த கல்லைப் பெட்டியில் அடுக்கியவன் நான், என் பெட்டியில் மணற்கல் இரண்டு மீட்டர் மேலே இருந்தது. கருவி பொய் சொல்லும், கல் சொல்லாது, பிள்ளைக்கு அனுபவம் பத்தாது என்று பத்துப் பேர் முன்னால் நம் மேனேஜரிடம் மீசையை முறுக்கினேன். கோட்டை மேலே நகர்த்தச் சொல்லி அவர் எழுதினார், நீ முடியாது என்றாய். வெள்ளிக்கிழமை நான் சொன்ன ஆழத்தில், தண்ணீரை உள்ளே விடும் சல்லடைக் குழாய் இறங்குவதாக இருந்தது. தப்பான இடத்தில் இறங்கினால் கிணறே வீண்.

செவ்வாய்க்கிழமை சாப்பாடு கொண்டுவந்த உன் அம்மா, டம்ளரைக் கல்பெட்டிமேல் வைத்தாள். அங்கேயா வைப்பது என்று நான் கத்துவதற்குள் சிந்திய தண்ணீரைக் கல் குடித்துவிட்டது. மேல்கல்லுக்கு என்னங்க இவ்ளோ தாகம், பொண்ணு அடியிலதானே தண்ணின்னு சொன்னா என்றாள். அப்போதுதான் கோடுகளைப் பார்த்தேன். மேல் கீழ் மாறாமலிருக்கத் துளைக்காரர்கள் கல்லின்மேல் நீளமாக இரண்டு கோடு இழுப்பார்கள், சிவப்பு வலப்பக்கம் வரவேண்டும். இடப்பக்கம் இருந்தது. அந்தப் பெட்டியின் மூன்று மீட்டர் கல்லையும் நான்தான் தலைகீழாக அடுக்கியிருக்கிறேன், கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு!

அதே பத்துப் பேரையும் கூட்டிச் சொல்லிவிட்டேன். மீசையில் மண் ஒட்டவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நன்றாகவே ஒட்டியது. இருபத்தேழு வருஷத்துல இது ஒண்ணுதான் தலைகீழா, இல்ல கண்ணுல பட்டது இது ஒண்ணுதானா என்று கேட்டார் மேனேஜர். இப்போது எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்க்கிறேன், அம்மா டம்ளரோடு மேற்பார்வை.

குழாய் நீ சொன்ன ஆழத்தில் இறங்கியது. முதலில் கலங்கல், பிறகு தெளிந்த தண்ணீர். உன் கோட்டை ஒரு அங்குலம்கூட நகர்த்தாமல் அதன் அடியில் கையெழுத்துப் போட்டேன். கல்லைத் திருப்பி வைத்தது கண் செய்த தப்பு, உன்னை நம்பாதது நான் செய்த தப்பு. மன்னித்துவிடு கண்ணு.

நேரத்துக்குச் சாப்பிடு, நீண்ட நாள் நன்றாக இரு. முதல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வீட்டில் உன் மேசைமேல் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், எடு.

இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதும்,
அப்பா