பாறசாலையில் நின்ற பம்பு

மக்கா,

இதை எந்த மனிதனும் நம்பப்போவதில்லை. முட்டம் கலங்கரை விளக்கமே குனிந்து காது கொடுத்தாலும் நம்பாது. இருந்தும் அரபிக்கடல், இந்துமாக்கடல், வங்கக்கடல் மூன்றையும் சாட்சிக்கு நிறுத்தி, சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

இன்று காலை உன் காரில் சாவியைத் திருப்பினேன். வாரத்துக்கு ஒருமுறை அதை ஓட்டி நிறுத்தவேண்டும் என்பது உன் வீட்டுக்காரியின் உத்தரவு. சாவியைப் பாதி திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து, வண்டு முரளுவதுபோல ஒரு மூளல் வந்தது. இரண்டு நொடிதான், அடங்கிவிட்டது. பெட்ரோல் பம்பு வேலைக்கு வந்துவிட்டேன் என்று கையெழுத்துப் போடுகிற சத்தம். நீயும் நானுமாக மாற்றிய பம்பு. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அது இன்னும் ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை. ஸ்டார்ட் அடிக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உன்னைத் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போன அந்த வியாழக்கிழமைகளில் நான் வெறும் டிரைவராக இருக்கவில்லை. தேரோட்டியாக இருந்தேன். கடியப்பட்டணத்திலிருந்து புறப்பட்டால் காற்றுக்கு மூச்சு வாங்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்தத் தேரோட்டிக்கு ஒரு வீம்பும் இருந்தது. களியக்காவிளை தாண்டினால் ஒரு சொட்டு பெட்ரோல் வாங்கமாட்டேன். அந்தப் பக்கம் கேரளம், விலை கூடுதல். போகும்போது நேரமாகிவிட்டது என்று ஊற்றமாட்டேன். வரும்போது, இன்னும் கொஞ்சதூரம்தானே நம்ம ஊர் பெட்ரோல் பங்குக்கு என்று ஊற்றமாட்டேன். வாரம் தவறாமல் டேங்கின் அடிமண்டியைக் குடித்துத்தான் கார் எல்லை தாண்டியது.

நீ விசைப்படகு எஞ்சின்களோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவன். உனக்குத் தெரியும்.

"ஏலே, பம்பு டேங்குக்குள்ளேதான் கெடக்கு. பெட்ரோல்ல முங்கிக் கெடந்தாத்தான் அதுக்குக் குளிர்ச்சி. காயப்போட்டா வெந்து செத்துப்போவும், கேட்டியா? இன்னைக்காவது ஊத்தினியா?"

"அர டேங்கு கெடக்கு மக்கா."

பெட்ரோல் அளவு காட்டும் முள்ளும் அதையே சொன்னது. அந்த முள் செத்து ரொம்ப நாளாகி, பாதியிலேயே அடக்கமாகிக் கிடந்தது. என் பொய்க்கு அதைவிட நல்ல கூட்டாளி கிடைக்காது.

ஒரு வியாழக்கிழமை திரும்பி வரும்போது, பாறசாலைக்கு இப்பால், உச்சிவெயிலில், கார் இரண்டு முறை விக்கிவிட்டு நின்றது. மருந்து ஏறிய உடம்போடு நீ பின்சீட்டில் சாய்ந்திருந்தாய். நான் ஸ்டார்ட்டரைப் போட்டு உருட்டு உருட்டென்று உருட்டினேன். எஞ்சின் சுற்றியதே தவிர பிடிக்கவில்லை.

"உருட்டாதே. சாவியைத் திருப்பிட்டு சும்மா இரி," என்றாய். காதைச் சீட்டில் வைத்தாய். "மூளல் இல்ல. பியூசைப் பாரு."

பியூஸ் நன்றாக இருந்தது. "ஹாரனுக்க ரிலேயைப் பிடுங்கி பம்புக்கு மாட்டு, பம்புக்குள்ளதை ஹாரனுக்கு மாட்டு," என்றாய். மாட்டினேன். அப்போதும் மூளல் இல்லை. ஆனால் பம்பினுடைய ரிலேயில் ஹாரன் அலறியது. ரிலேயில் குற்றமில்லை என்று ஆயிற்று. அந்த அலறலைக் கேட்டு மீன்காரன் வந்துவிட்டான் என்று பாறசாலைப் பெண்கள் பாத்திரத்தோடு ஓடி வந்ததாகத்தான் பிறகு எல்லாக் கல்யாண வீட்டிலும் சொன்னேன்.

"டேங்குக்க வயித்துல நாலு தட்டு தட்டு."

செருப்பைக் கழற்றித் தட்டினேன். பம்பு ஒருமுறை முனகியது. எஞ்சின் பிடித்தது, பத்து எண்ணுவதற்குள் மறுபடி நின்றது.

"பம்புதான். கதை முடிஞ்சு," என்றாய். அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய்: "எண்ணெய் உண்டும் இல்லியா?"

"உண்டும் மக்கா. அர டேங்கு."

ஒரு ரப்பர் மரத்தடியில் உன்னை உட்காரவைத்தேன். இரண்டு மணிநேரம். நீ இரண்டு முறை வாந்தி எடுத்தாய். பாட்டில் தண்ணீர் தீர்ந்தபோது நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டாய். கடைசியில் மீன் இறக்கிவிட்டுத் திரும்பிய நம்மூர் வண்டி ஒன்று நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "என்ன அண்ணாச்சி, காரு கருவாடாயிட்டா?" என்றான். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. கயிறு கட்டி ஊர்வந்து சேர்ந்தோம்.

மார்த்தாண்டத்தில் புதுப் பம்பு வாங்கி வந்து, உன் வீட்டு முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை. நீ பிளாஸ்டிக் நாற்காலியில்; நான் காருக்குள் தலைகீழாக. கதவு நான்கையும் திறந்துபோடச் சொன்னாய். பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னாய். என் காதில் செருகியிருந்த பீடியைக் கண்டு, "அதைக் கொண்டு கடல்ல போட்டுட்டு வா, இல்லெங்கி ரெண்டுபேருக்கும் ஒரே பெட்டி போதும்," என்றாய். பின்சீட்டைத் தூக்கினால் ஒரு தகட்டு மூடி. அதன் கீழே பம்பைப் பிடித்திருந்த வளையம். இரும்பு கொண்டு அடித்தால் பொறி பறக்கும் என்று, மரக்கட்டையை முட்டுக்கொடுத்துத் தட்டித் தட்டிச் சுழற்றவைத்தாய். டியூபைக் கழற்றும்போது துணியைச் சுற்றிப் பிடித்தேன். பெட்ரோல் பீய்ச்சும் என்று பயந்தேன். ஒரு துளி வரவில்லை.

பம்பை வெளியே எடுத்தோம். கருகிய வாடை. நீ எழுந்து வந்து குனிந்து, டார்ச்சை டேங்குக்குள் அடித்தாய். நானும் பார்த்தேன். டேங்கு ஒரு கைப் பெட்ரோலுக்குக்கூட வழியில்லாமல் காய்ந்து கிடந்தது.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி, உன் வீட்டுக்காரி, தேத்தண்ணி கொண்டு வந்தாள். அவளும் எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன, பெட்ரோலே இல்ல? இதுக்காகவா ரோட்டுல கெடந்திய?"

நான் கழற்றிய பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீ டார்ச்சை அணைத்தாய்.

"நாந்தான் ஊத்தாண்டாம்னு சொன்னேன். அந்தப் பக்கம் விலை கூடுதல் இல்லியா?" என்றாய். பிறகு என்னிடம், "நல்லதாப் போச்சு மக்கா. காலியா கெடந்தாத்தான் இந்த வேலைக்கு எளுப்பம்," என்றாய்.

கஞ்சன் என்று அவள் உன்னைப் பேசாத பேச்சில்லை. "சீவன் போற நேரத்துலயும் ஒங்க பிசுக்குத்தனம் போவல்லியே!" என்று சொல்லி அழுதாள். நீ புது ரப்பர் வளையத்தை விரலால் துடைத்து என்னிடம் நீட்டினாய். நான் வாங்கி மாட்டினேன். பம்பு மூளியதும் நீ கட்டைவிரலை உயர்த்தினாய். நான் கைதட்டினேன். அதற்குமேல் ஒரு வியாழக்கிழமைகூட முள்ளை நம்பவில்லை. டேங்கு நிறைய ஊற்றிக்கொண்டுதான் போனேன். பெட்ரோல் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். உண்மையைச் சொல்லத்தான் ஒவ்வொரு வியாழனும் அடுத்த வியாழன் என்று தள்ளிவைத்தேன். பிறகு வியாழன்கள் தீர்ந்துபோயின.

இன்றைக்குக் காரை ஓட்டி நிறுத்திவிட்டுச் சாவியைக் கொடுக்கப் போனேன். உன் துக்கம் விசாரிக்க வந்த யாரிடமோ அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நல்ல மனுசன்தான். ஆனா கடைசிவரை பிசுக்கு. சீக்கு ஒடம்பை ரோட்டுல போட்டு வாட்டினாரே, ரெண்டு லிட்டர் பெட்ரோலுக்காக."

நான் நின்றபடியே சொன்னேன். "தங்கச்சி, அவன் ஊத்தச் சொன்னான். நாந்தான் ஊத்தல்ல. ஊத்தினேன்னு பொய் சொன்னேன்."

அவள் என்னைப் பார்த்தாள். முதலில் கண் நிறைந்தது. பிறகு சிரித்துவிட்டாள்.

"போங்கண்ணே. டேங்குக்குள்ள நண்டு கெடந்ததுன்னு சொன்னதும் நீங்கதானே? அவருக்க பேரு கெடக்கூடாதுன்னு இப்போ இந்தக் கதையும் கட்டுதியளா?"

"ஒள்ளதுதான் தங்கச்சி. என் மக்களாணை."

"ஒங்களுக்கு மக்களே இல்லியே, அண்ணே!"

வந்தவர்களும் சிரித்தார்கள். அவள் எனக்கு ஒரு தேத்தண்ணி கொண்டு தந்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரமும் போய்ச் சொல்வேன். அதற்கடுத்த வாரமும் சொல்வேன். இத்தனை வருடம் வாய் கூசாமல் புளுகியவனுக்கு ஓர் உண்மையை நம்பவைக்க எத்தனை வாரம் ஆகுமோ தெரியவில்லை.

பாத்திரத்தோடு யாரும் ஓடி வரவில்லை மக்கா. மூன்று கடலும் வந்து எனக்குச் சாட்சி நிற்கவும் போவதில்லை. மற்றதையெல்லாம் நீ தள்ளிவிடு. நீ ஊற்றச் சொன்னாய், நான் ஊற்றவில்லை. அந்தச் சின்னத் துண்டு மட்டும் உண்மை.