யாருமில்லை என்று சொன்னாயே

மகளுக்கு,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாப்பிடாமல் கிளம்பாதே. வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்து வா. எதிர்வீட்டில் கொடுத்தால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள்.

உன் கடை எரிந்துபோனதற்காக மனநல ஆலோசகரிடம் போய் அழ வேண்டுமா, நம் வீட்டில் யாரும் அப்படி இடிந்துபோனதில்லை என்று நேற்று சொன்னேன். நீ தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பதில் சொன்னாய்.

"அசையாம நிக்கிறது உறுதி இல்லப்பா. விழுந்தா எழுந்து வர்றதுதான் உறுதி. வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்க. அப்படி எழுந்து வந்தவங்களுக்குப் பெரும்பாலும் மனசு விட்டுப் பேச ஒரு ஆளாவது இருந்திருக்கு. உங்களுக்கு யார் இருக்காங்கன்னு ஆலோசகர் கேட்டாங்க. யாருமில்லன்னு சொன்னேன்."

ஆராய்ச்சி எனக்குத் தெரியாது. ஆனால் நம் வீட்டுப் பெண் வெளியில் போய் எனக்கு யாருமில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். மானக்கேடு அதுதான், ஆலோசகரிடம் போனது அல்ல.

அந்தப் பதிலை இன்றே மாற்றியாக வேண்டும். முடி வெட்டிக்கொண்டு நேராக ஆலோசகரின் இடத்துக்கு வந்து, இன்று நீ வரும்வரை வாசலில் நிற்கிறேன். உன்னோடு உள்ளே வந்து உட்காருவேன். என்னைப் பேசச் சொல்லக் கூடாது.

அத்தை போன் செய்தால் எங்கே போகிறாய் என்று உள்ளபடி சொல். மேற்கொண்டு ஏதாவது கேட்டால் என்னிடம் பேசச் சொல்.

அப்பா

பி.கு.: வீட்டிலும் அழலாம். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். எதிர்வீட்டுக்குக் கேட்காது.