நூற்று எண்பத்தெட்டாவது சான்றிதழ்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் வார்டு சுற்று, அதை முடித்த கையோடு ஐந்து நாடுகள் கூட்டம், ஆஸ்பத்திரிகள் சார்பில் நான். மதியச் சாப்பாடு பையிலேயே கிடந்தது.

குடியால் வரும் சாவைக் குறைக்க அண்டை நாடுகள் ஐந்தும் சேர்ந்து ஒரே விதி கொண்டுவரப் பார்க்கின்றன. கடையை இரவு எட்டுக்கு மூட வேண்டும், ஒரு விலைக்குக் கீழே விற்கக் கூடாது, விளம்பரம் கூடாது. ஒரு நாடு விலகினாலும் எல்லாம் வீண். மற்ற நாட்டு ஆட்கள் எல்லை தாண்டிப் போய் வாங்கிவந்துவிடுவார்கள். விலகப் பார்ப்பது நாங்கள்தான்.

எங்கள் நிதித்துறைக்காரர் எழுந்தார். "வருஷத்துக்கு நாப்பத்தோரு சாவு. இதுக்கு ஒரு சட்டமா? பாம்பு கடிச்சே இதைவிட அதிகம் பேர் போறாங்க." எல்லோரும் சிரித்தார்கள். தீவு நாட்டு டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் இறப்புப் பட்டியலைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"உங்க நாட்டுல நாப்பது வயசு ஆம்பளைங்களுக்கு மட்டும் இதயம் ஏன் இப்படிப் பொசுக்குப் பொசுக்குன்னு நின்னு போகுது? எங்களைவிட மூணு மடங்கு இருக்கே."

யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியும். தண்ணீர் டம்ளரை வாயிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 4

நான்தான் எழுதினேன். வேறு யார்?

ஈரல் கெட்டு, ரத்த வாந்தி எடுத்து ஒருவர் போவார். கொஞ்ச நேரத்தில் வீட்டு ஆள் யாராவது என் மேசைப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்துவார். "போன மனுஷன் பேரை ஏன் டாக்டர் கெடுக்கணும்? இதயம்னு போட்டுடுங்களேன்." சாகும்போது யாருக்குத்தான் இதயம் நிற்காமல் இருக்கிறது? அப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதிக் கொடுப்பேன். இருபது வருடமாக. நல்ல மனசு என்று பெயர் வேறு.

பிப்ரவரி 11, புதன்

ஆஸ்பத்திரி இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"எத்தனை பேர் இருப்பாங்க?"

"பழைய கோப்பை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும் சார்."

"வம்பை விலைக்கு வாங்குறீங்கம்மா."

பத்து வருடக் கோப்புகளைப் பார்க்க மார்ச் முடியும்வரை அவகாசம். எதைத் திருத்தினாலும் அந்த வீட்டுக்குக் கடிதம் போக வேண்டும், அது விதி. அதைக் கேட்டதும் எந்த வீடு முதலில் ஞாபகத்துக்கு வந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 27

பதிவறைக்காரரின் பட்டப்பெயர் தும்மல். ஒரு கோப்புக் கட்டை இறக்கினால் ஏழு தும்மல். "டாக்டரம்மா, இந்த வேலை முடியிறதுக்குள்ள எனக்கும் ஒரு சான்றிதழ் எழுத வேண்டியிருக்கும், உண்மையையே எழுதுங்க" என்கிறார்.

நோயாளிக் குறிப்பேட்டில் எல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறேன். எத்தனை வருடக் குடி, ஈரல் எந்த நிலை, எல்லாம். அதே நாள், அதே பேனா, சான்றிதழில் மட்டும் பொய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணன் மகள் வந்திருந்தாள். இருபத்துமூன்று வயதாகிறது, எனக்கு இன்னும் வாலுதான். அவள் அப்பா போன இந்த மாதத்தில் வருடா வருடம் என்னிடம் வந்து இ.சி.ஜி. எடுத்துக்கொள்வாள். பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்த பெண். அப்பாவுக்கு நாற்பத்தாறு வயதில் இதயம் நின்றது என்றதும் ஓட்டத்தை விட்டாள். மாடிப்படிகூட எண்ணி எண்ணித்தான் ஏறுகிறாள்.

"எப்படி இருக்கு அத்தை?"

"குதிரை மாதிரி இருக்கு, போ."

ஆறு வருடமாக அவள் நெஞ்சில் இதை ஒட்டி எடுக்கிறேன். அந்த இதயத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே பார்க்கிறேன்! நான் என்ன ஜென்மம்?

மார்ச் 21, சனி

கிடைத்துவிட்டது. நூற்று எண்பத்தெட்டாவது. அண்ணன்.

வாரம் முழுக்க வெளியூரில் வேலை, அங்கே குடி. வீட்டுக்கு வரும் இரண்டு நாள் தொட மாட்டான். பிள்ளைக்குத் தெரியாது. அண்ணிக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

இதை எடுத்துவிட்டால் நூற்று எண்பத்தேழு. ஒன்று குறைந்தால் சட்டம் என்ன கவிழ்ந்தா போகும்? தும்மல்கூடப் பார்க்கவில்லை. கோப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மற்ற நூற்று எண்பத்தேழு வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்திருக்கும்தானே.

மார்ச் 22

அண்ணியிடம் போனில் சொன்னேன். அவர்கள் சொன்னது: "நான் கேட்டேன், நீ எழுதின. இப்போ உன் மனசு சுத்தமாகணும்னு என் வீட்டுக் கதவைத் தட்டுவியா?" இருபத்தைந்து வருடத்தில் என்னை நீ என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

அவர்கள் சொன்னதில் என்ன தப்பு?

மார்ச் 23

தூக்கம் இல்லை. சேர்த்துவிட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

கூட்டத்தில் படித்தேன். ஒரே ஆஸ்பத்திரி, பத்து வருடம், நூற்று எண்பத்தெட்டு.

நிதித்துறைக்காரர், "எல்லாமே உங்க கையெழுத்தா டாக்டர்?" என்றார்.

"எல்லாமே. கடைசிப் பெயர் என் அண்ணன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். நாட்டின் எல்லா ஆஸ்பத்திரியிலும் சரிபார்க்க உத்தரவு. தீவு நாட்டு டாக்டரம்மா வெளியே வரும்போது என் தோளைத் தொட்டு, "எங்க நாட்டுலயும் இப்படித்தான் ஆரம்பிச்சோம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, கழிப்பறைக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 9

மெமோ வந்தது. பொய்ச் சான்றிதழ் கொடுத்ததற்கு விளக்கம் எழுதித் தர வேண்டுமாம். நியாயம்தான்.

மே 14

கடிதங்கள் தபாலில் போயாயிற்று.

மே 19, செவ்வாய்

சாயங்காலம் வாலு வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கடிதத்தை மேசையில் வைத்து ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில சேர்த்த தேதி மார்ச் ஒன்பது. இறந்த தேதி மார்ச் இருபது. இது தப்பா அடிச்சிருக்கா?"

நான் இதை யோசிக்கவே இல்லை. ஈரல், குடி, மானம் எல்லாம் யோசித்தேன். இதை யோசிக்கவில்லை.

"தப்பு இல்லை."

"ஒன்பதாம் தேதி எனக்குக் கணக்குப் பரீட்சை. அப்பா வெளியூர்ல வேலையா இருக்காருன்னு சொன்னீங்க. இருபதாம் தேதி அங்கேயே திடீர்னு நின்னு போச்சுன்னு சொன்னீங்க. பெட்டியைத் திறந்துகூடக் காட்டலை." அவள் குரல் ஏறவே இல்லை. "தினம் குட்நைட் அப்பான்னு மெசேஜ் போட்டேன். பதில் வந்துச்சே. யார் போட்டது?"

"உங்க அம்மா."

"பதினோரு நாளும்?"

"ஆமா."

"அப்பா என்னைக் கேட்டாரா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. இவ்வளவு ஆன பிறகும்!

"தினமும் கேட்டான். ஒன்பதாம் நாள் வரைக்கும் நல்லா பேசினான். உடம்பெல்லாம் மஞ்சள், வயிறு வீங்கி... இந்தக் கோலத்துல புள்ளை பார்க்க வேணாம்னு நான்தான் சொன்னேன். உங்க அம்மா இல்லை. நான்."

அவள் கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். தண்ணீர் கேட்டாள், குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் வந்திருப்பேனே" என்றாள். அவ்வளவுதான்.

வந்ததிலிருந்து போகும்வரை ஒரு தடவைகூட அத்தை என்று கூப்பிடவில்லை.

ஜூன் 30

ஐந்து நாடுகளும் கையெழுத்துப் போட்டன. எட்டு மணி, விலை வரம்பு இரண்டும் நிறைவேறின. விளம்பரத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்கள். தண்டனையாக எனக்கு ஒரு வருடச் சம்பள உயர்வு கிடையாது.

ஆகஸ்ட் 6, வியாழன்

விதி நடைமுறைக்கு வந்து ஆறு நாள். வார்டில் வித்தியாசம் தெரிய இன்னும் வருடங்கள் ஆகும். அண்ணி போனை எடுப்பதில்லை. வாலுவிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஜன்னலோரக் கட்டிலில் நாற்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர். ஒரு வாரம் தாங்கினால் அதிகம். அவர் மனைவி என் மேசைப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். வழக்கமான கோரிக்கை என்று நினைத்து, முடியாதும்மா என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

"புள்ளைங்ககிட்ட அப்பா வேலையா வெளியூர் போயிருக்காருன்னு சொல்லி வெச்சிருக்கோம் டாக்டர். இன்னும் எத்தனை நாள் சமாளிக்கணும்?"

"இன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

"மஞ்சளா இருக்காரே... பயந்துடுவாங்க."

"பயப்படட்டும்மா. கூட்டிட்டு வாங்க."

நாலு மணிக்கு வந்தார்கள். பெரியவள் கதவோரமே நின்றுவிட்டாள். சின்னவள் நேரே கட்டிலில் ஏறி உட்கார்ந்து, "அப்பா, கண்ணு ஏன் மஞ்சளா இருக்கு?" என்று கேட்டாள். அவர் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தார்.

நான் திரையை இழுத்துவிட்டு வெளியே வந்தேன்.