உன் பெயருக்கு மேல் என் பெயர்

காலையில் மின்னஞ்சலைத் திறந்ததும் உன் பெயர் கண்ணில் பட்டது. எங்கோ ஒரு குளிர் தேசத்திலிருந்து ஒருவர் மரியாதையாக எழுதியிருக்கிறார். நீ எழுதிய தமிழ்த் தட்டச்சு நிரலை யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, அடுத்த வெளியீட்டில் நீக்கிவிடலாமா என்று. அந்த 'யாரும்' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ ஆறிப்போனது.

மேட்டுப்பாளையத்தில் ஒரே கம்பெனியின் கம்ப்யூட்டர்களை நாம் இருவரும் கட்டி மேய்த்த காலம் அது. ஞாயிறு பூசை முடிந்து நீ வரும் நேரத்துக்கு நானும் நெல்லித்தோப்பில் உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். உன் அப்பாவின் மேசையில் லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர் பெட்டி. கோயில் அறிவிப்புத் தாளை அவர் அதில்தான் அடிப்பார். ஒரு ஞாயிறு, இடம் போதவில்லை என்று பெயர் தெரியாத ஒரு சின்ன மென்பொருள் பொதியை நீக்கப் போனாய். "இவற்றையும் சேர்த்து நீக்கவா?" என்று பெட்டி ஒரு நீளப் பட்டியலைக் காட்டியது. படிக்காமலே சரி என்றாய். படங்கள், சன்னல்கள் எல்லாம் போய், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் மிஞ்சியது.

அப்பா எட்டிப் பார்த்து, பிரெஞ்சுக்காரர் போல நன்றி சொன்னார். "மெர்சிம்மா. இனிமே அறிவிப்ப வாயாலயே சொல்லிக்கிறோம்."

திரும்பப் போட்டு முடிக்கச் சாயங்காலம் ஆனது. லினக்ஸ் என்ற அந்தத் தொகுப்பு எப்படி நிற்கிறது என்பது அன்றுதான் நமக்கு உறைத்தது. ஆயிரக்கணக்கான பொதிகள், அவற்றில் பெரும்பாலானவற்றை முகம் தெரியாத யாரோ ஒருவர் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறார். பெயர் பெற்றவை எல்லாம் மேலே இருக்கின்றன. யாரும் கேள்விப்படாத சின்னவை அடியில் கிடந்து அவற்றைத் தாங்குகின்றன. "அடுக்குப்பானைல அடிப்பானைய உருவிட்டேன்டி" என்று சிரித்தாய். பிறகு சிரிக்காமல் சொன்னாய்: "எதையும் தூக்கறதுக்கு முன்னாடி, அத நம்பி யாரு இருக்காங்கன்னு பாக்கணும்."

அப்பாவுக்காக அந்தத் தட்டச்சு நிரலை எழுதியது அதன் பிறகுதான். தொகுப்பில் சேர்ப்பதற்குள் அதை நடத்துபவர்கள் கேட்ட திருத்தங்கள் கொஞ்சநஞ்சமா? "என்னப் பொண்ணு பாக்க வந்தவங்க கூட இவ்ளோ கேக்கல" என்றாய்.

பெரிய ஆஸ்பத்திரி வார்டில் படுத்துக்கொண்டும் உனக்கு அதே கவலை. போகிறவர் தன் பொதியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது தொகுப்பின் வழக்கம். ஏற்க ஆளில்லாமல் ஒருநாள் அது உடைந்தால் வெளியே போட்டுவிடுவார்கள். பொறுப்பை என் பெயருக்கு மாற்றச் சொல்லி நீ வரி வரியாகச் சொல்ல, எனக்குக் கோபம்தான் வந்தது.

"இப்ப எதுக்குடி? வந்து நீயே பாத்துக்கோ."

"நான் வரலன்னா அப்பா எதுல அடிப்பாரு?"

எழுதிக்கொண்டேன்.

பொதியோடு கூடவே, யார் எதை மாற்றினார் என்ற மாற்றக் குறிப்பும் போகும். புதியது மேலே, பழையது கீழே. எதையும் யாரும் அழிப்பதில்லை. உன் அடக்கம் முடிந்த சில வாரங்களில் ஒரு புது வெளியீடு வந்தது. அடியில் இருந்தவை மாறியதில் உன் நிரல் ஓடவில்லை. சரிசெய்துவிட்டு, உன் பெயருக்கு மேல் என் பெயரை எழுதக் கை வரவில்லை. அழுதுகொண்டேதான் எழுதினேன். தொகுப்பு யாருக்காகவும் நிற்பதில்லை. கூடவே ஓடாதது அதில் உடைந்துபோகும். அதன் பிறகு பல முறை எழுதிவிட்டேன், உன் பெயர் கீழே கீழே போய்க்கொண்டிருக்கிறது.

இன்று மதியம் நெல்லித்தோப்புக்குப் போனேன். அப்பா ஒற்றை விரலால் அடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டிக்கு இணைய இணைப்பு கிடையாது. புது வெளியீட்டைச் சிடியில் கொண்டுபோய் நான்தான் போடுகிறேன். இணையம் வழியே எண்ணும் குளிர் தேசத்துக்காரரின் கணக்கில் அப்பா எப்படி வருவார்?

"பாரும்மா, எம் பொண்ணு போட்டுக் குடுத்தது. இன்னி வரைக்கும் ஒரு மக்கர் பண்ணல" என்றார்.

"அவ வேலைன்னா அப்பிடித்தாம்பா" என்றேன்.

வீட்டுக்கு வந்து பதில் எழுதினேன். 'நீக்க வேண்டாம். இதை நம்பி ஒருவர் உண்டு.'

அனுப்பும் முன் 'ஒருவர்' என்பதை அழித்து, 'இருவர்' என்று திருத்தினேன்.